கேட்காமல் விற்கும் காப்புறுதி

மலேசியக் கடப்பிதழுக்கு உலகத்தில் நல்ல மரியாதை. பாரிசுக்கோ ரோமுக்கோ போக வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் நம் சித்தப்பா மகன் ஷெங்கன் விசாவுக்கு அலைய வேண்டும். குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவையும், ஆளையோ நல்லுடலையோ ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கிற காப்புறுதிப் பத்திரத்தை அவர் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விசா இல்லை. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. டிக்கெட்டை எடுத்தோம், போய் இறங்கினோம். இந்தியாவுக்குப் போக இ-விசா எடுக்கிறோம். அந்தப் படிவத்தில் அப்பா பெயர், அம்மா பிறந்த ஊர், உடம்பில் உள்ள அங்க அடையாளம் வரைக்கும் கேட்கிறார்கள். காப்புறுதி இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை.

யாரும் கேட்காததால் நாமும் யோசிப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆற்றும் புதுக்கோட்டைப் பையனுக்கு, 2011 முதல் நடப்பில் இருக்கும் ‘ஸ்பிக்பா’ மருத்துவமனைக் காப்புறுதி இல்லாமல் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது. 2019 முதல் சொக்சோவும் அவனுக்கு உண்டு. அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, இருமுடி கட்டி, ஒரு காப்பும் இல்லாமல் கொச்சிக்கு விமானம் ஏறுகிறார். கேட்டால், “ஐயப்பன் பார்த்துக்குவான்” என்கிறார். ஐயப்பன் பார்த்துக்கொள்ளட்டும், மருத்துவமனையின் முன்பணக் கவுண்டரில் ஐயப்பன் பெயரில் பற்று எழுத மாட்டார்கள்.

சரி, காப்புறுதி எடுக்கிறவர்கள் எப்படி எடுக்கிறார்கள்? துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் மகளோடு வந்திருக்கிறார். திருச்சிக்கு டிக்கெட், அங்கிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் கார், திரும்புவது மூன்று வாரம் கழித்து. எல்லாம் முடிந்த பிறகு, கணினியைப் பார்த்தபடியே கவுண்டரில் இருக்கும் பெண் கேட்கிறாள்: “இன்சூரன்ஸ் போடவா அங்கிள்? கொஞ்சம்தான் வரும்.” மகள் தலையாட்டுகிறாள். பெரியவருக்கு ஒரு சந்தேகம். “ஏம்மா, எனக்கு இனிப்பு நீர் இருக்கே, அதுக்கும் சேர்த்துத்தானே?” “ஹாஸ்பிட்டல் செலவெல்லாம் கவர் ஆயிரும் அங்கிள்.” ஐ.சி. எண், கடப்பிதழ் எண், புறப்படும் தேதி, திரும்பும் தேதி. அச்சு எந்திரம் ஒரு தாளைத் துப்புகிறது. முடிந்தது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மருத்துவமனைச் செலவுக்குக் காப்பு உண்டுதான். ஆனால் பெரியவர் கேட்டது அதுவல்ல. அவர் கேட்ட கேள்விக்கான பதில், யாரும் திறக்காத ஓர் இணைப்புக் கோப்பின் உள்ளே, விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. பயணத்துக்கு முன்பே இருந்த நோய்களும் அவற்றால் வரும் விளைவுகளும் இந்தப் பத்திரத்தில் அடங்கா என்று, வாசகம் கொஞ்சம் முன்பின்னாக, நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் ஒரு வரி உண்டு.

இந்த வரி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதைக் கடந்தவர்களில் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும், அவர்கள்தானே ஊருக்கும் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அதிகம் போகிறவர்கள். ஆக, நம்மவர் வெளிநாட்டில் படுத்தால் எதனால் படுப்பாரோ, அதை ஒதுக்கிவைத்த பத்திரத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த மாத்திரைகள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றின் மேலும் பெயர், தேதி, மலாயில் ‘மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி’. மெட்ஃபார்மின் ஒன்று, அம்லோடிபின் ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. தமிழ்நாட்டில் திடீரென்று நெஞ்சு வலித்து ஒரு மருத்துவமனைக்கு ஓடினால், அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது “என்ன மாத்திரை சாப்பிடறாரு?” மகள் இந்த உறைகளை எடுத்து மேசை மேல் வைப்பாள். அதைப் பார்த்து அவர் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதுவார்: ஏற்கெனவே நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர், இத்தனை ஆண்டுகளாக. நல்ல மருத்துவர் அப்படித்தான் எழுத வேண்டும். கோலாலம்பூரில் இழப்பீட்டுக் கோரிக்கையைப் பரிசீலிக்கிறவர் முதலில் தேடுவதும் அதே வரியைத்தான். மாரடைப்பு புதிதாக வந்தது என்பது குடும்பத்தின் வாதம். பத்து வருட நீரிழிவின் விளைவு என்பது நிறுவனத்தின் வாதம். இரண்டுக்கும் மருத்துவத்தில் ஆதாரம் கிடைக்கும். அதுதான் கொடுமை.

சிலர் சொல்வார்கள்: வாங்கும்போது நோயை மறைக்கக் கூடாது, சொல்லியிருந்தால் பிரச்சினை வந்திருக்காது. இங்கேதான் பலருக்கும் குழப்பம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, தனக்குத் தேவையான கேள்விகளைத் தெளிவாகக் கேட்பது காப்புறுதி நிறுவனத்தின் வேலை. கேட்டதற்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொல்வது நம் வேலை. ஆயுள் காப்புறுதிக்கும் மருத்துவ அட்டைக்கும் பக்கம் பக்கமாகக் கேள்வி வருவது அதனால்தான். குறுகிய காலப் பயணக் காப்புறுதியிலோ பெரும்பாலும் கேள்வியே வருவதில்லை. மறைப்பதற்கு வாய்ப்பே இல்லை, ஏனென்றால் கேட்டால்தானே மறைக்க. விற்கும்போது கேட்காமல், கோரும்போது பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு இது. விலக்கு வரி ஒன்று போதும், மற்றதையெல்லாம் கேஸ் ஷீட் பார்த்துக்கொள்ளும். கேட்கவில்லை, அதனால் காப்பு உண்டு என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. சில பத்து வெள்ளிக்கு விற்கும் பத்திரத்துக்கு ஒவ்வொருவரிடமும் ரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தால் விலை எங்கோ போய்விடும். ஆரோக்கியமான இளைஞனும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டிவரும். ஒப்புக்கொள்கிறேன். அறிக்கை கேட்க வேண்டாம். பெரியவர் அந்தக் கவுண்டரில் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு, பணம் கட்டும் முன் தெரிகிற இடத்தில், பெரிய எழுத்தில், உண்டு அல்லது இல்லை என்று ஒரு பதில் இருந்தால் போதும். பொருள் விவரத் தாள் தர வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. தாள் வருகிறது, மலாயிலும் ஆங்கிலத்திலும், மின்னஞ்சலில், பணம் கட்டிய பிறகு பார்க்கிற மாதிரி. அறுபத்தெட்டு வயதுக்காரரின் மின்னஞ்சல் என்பது பெரும்பாலும் பேரனின் மின்னஞ்சல்.

எல்லாப் பத்திரமும் ஒன்றல்ல. முன்பே இருந்த நோய் எது என்பதற்கான விளக்கமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடந்த 12 மாதத்தில் மருந்தோ சிகிச்சையோ எடுத்திருந்தால் என்று சிலர் வரையறுப்பார்கள். எப்போது வந்திருந்தாலும் சேர்த்தி என்று சிலர். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு மறந்துபோனவருக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கட்டுக்குள் இருக்கும் நோய் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் மட்டும், ஒரு வரம்புவரை தருகிற திட்டங்களும் சில உண்டு. விலை கூடுதல். மருத்துவ வரம்பு பத்து லட்சம் வெள்ளி என்று போட்டு நோயை விலக்கியிருக்கும் பத்திரத்தைவிட, ஒரு லட்சம் என்று போட்டு நோயைச் சேர்த்திருக்கும் பத்திரம்தான் அந்தப் பெரியவருக்கு வேண்டியது. ஒப்பீட்டுத் தளங்களோ விலையையும் வரம்பையும்தான் வரிசைப்படுத்திக் காட்டுகின்றன.

எழுபது வயது இன்னொரு மதில். பல திட்டங்களில் எழுபதைத் தாண்டினால் மருத்துவ வரம்பு தடாலென்று இறங்கிவிடும். எண்பதுக்கு மேல் பலர் வாங்கவே விடமாட்டார்கள். தம்பதியர் பத்திரத்தில் கணவருக்கு 71, மனைவிக்கு 66 என்றால், முகப்பில் அச்சிட்டிருக்கும் பெரிய தொகை மனைவிக்கு மட்டும்தான். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

நமக்கு இது ஏன் உறைப்பதில்லை என்றால், நாம் பழகிய மருத்துவம் அப்படி. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் சாதாரண சிகிச்சைக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காலை ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்து மதியம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்போம். ஆனால் பணம் கட்டாததால் யாரையும் திருப்பி அனுப்பியதைப் பார்த்ததில்லை. இந்த எண்ணத்தோடு மதுரையிலோ சென்னையிலோ ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் நுழைகிறவருக்கு, ஐ.சி.யு.வுக்குள் நோயாளி போவதற்கும் கவுண்டரில் முன்பணம் கட்டுவதற்கும் இடையே அதிக இடைவெளி இருக்காது என்பது புதுச் செய்தி. இங்கே கைவசம் இருக்கும் மருத்துவ அட்டை அங்கே கவுண்டரில் செல்லாது. வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு அந்த அட்டை பணம் தந்தாலும், நாம் கட்டிவிட்டு ரசீதோடு வந்து கேட்கிற மாதிரித்தான் பெரும்பாலும் இருக்கும், அதுவும் தொடர்ந்து 90 நாளுக்குள் தங்கியிருந்தால் என்ற மாதிரி நிபந்தனைகளோடு.

பயணக் காப்புறுதியில் அதற்கு ஒரு வழி உண்டு, தெரிந்தவர்கள் குறைவு. பத்திரத்தில் 24 மணி நேர உதவி எண் ஒன்று போட்டிருக்கும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், அவர்கள் மருத்துவமனையோடு பேசி ஜி.எல். எனும் உத்தரவாதக் கடிதம் அனுப்ப முடியும். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டால், “கட்டிவிட்டு வந்து கோருங்கள்” என்பதுதான் பதில். அந்த எண் பேரனின் மின்னஞ்சலில் இருந்தால் பயனில்லை. கடப்பிதழின் உள்ளட்டையில் ஒரு துண்டுத்தாளில் இருக்க வேண்டும், கூடப் போகிறவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 108 ஆம்புலன்ஸ் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. அடிபட்டவர் வேறு மாநிலத்தவராகவோ வெளிநாட்டவராகவோ இருந்தாலும் உண்டு. வாடகைக் காரில் இரவெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றும் நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பு. நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து நம் பாடு.

உண்மையில் பெரிய செலவு சிகிச்சையில்கூட இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுவர விமானத்தில் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் பொருத்த வேண்டும், கூடவே மருத்துவரோ தாதியோ வர வேண்டும், விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அனுமதிக்க வேண்டும். நாம் போன மலிவு விலை விமானங்கள் பலவற்றில் ஸ்ட்ரெச்சருக்கு இடமே கிடையாது. இறந்துபோனால் இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்று, போலீஸ் கடிதம், சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் தாள், பெட்டி, சரக்குக் கட்டணம். தூதரக அதிகாரிகள் தாள்களுக்கு உதவுவார்கள். விஸ்மா புத்ரா பில் கட்டாது. அப்போதுதான் வாட்சாப்பில் வேண்டுகோள் சுற்ற ஆரம்பிக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணோடு. நம் மக்கள் கொடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்திரம் வாங்கும்போது அவசர இடமாற்றம், நல்லுடலைக் கொண்டுவருதல் என்ற இரண்டு வரிகளுக்கும் தனி வரம்பு இருக்கிறதா, அவற்றுக்கும் அந்த நோய் விலக்கு பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். பல பத்திரங்களில் பொருந்தும்.

பெட்டி தொலைந்தது, விமானம் தாமதமானது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. விளம்பரங்களில் அவைதான் முன்னால் நிற்கின்றன. பெட்டி தொலைந்து யாரும் வீட்டை விற்றதில்லை. கடன் அட்டையில் டிக்கெட் எடுத்தால் காப்புறுதி இலவசம் என்பார்கள். அது பெரும்பாலும் பயண விபத்தில் இறந்தால் கிடைக்கும் தொகைதான், மருத்துவச் செலவுக்கு அல்ல.

முக்திநாத்துக்கும் கைலாயத்துக்கும் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். முக்திநாத் 3,710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கைலாயப் பரிக்கிரமத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். சாதாரணப் பத்திரங்கள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றம் விலக்கு. அது எத்தனை மீட்டர் என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வேறு. நாம் யாத்திரை என்கிறோம், பத்திரம் அதை மலையேற்றமாக எடுத்துக்கொள்ளக்கூடும். எதற்கும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேப்பாளத்தில் தேவையில்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்புறுதியில் பணம் கறந்த மோசடி 2018இல் அம்பலமானதிலிருந்து நிறுவனங்களும் அங்கிருந்து வரும் பில்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. உதவி எண்ணின் ஒப்புதல் இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏறினால் கட்டணம் உங்கள் தலையில் விழலாம்.

எப்போது வாங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2020 மார்ச் 17 அன்று இந்தியா மலேசியாவிலிருந்து வரும் பயணிகளுக்குத் தடை போட்டது. மறுநாள் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் சிக்கிக்கொண்ட நம்மவர்கள் சிறப்பு விமானங்களுக்குக் காத்துக் கிடந்தபோதுதான், தங்கள் பத்திரங்களில் தொற்றுநோய் ஒரு விலக்கு என்று பலருக்கும் தெரியவந்தது. 2025 நவம்பரில் ஹட்யாய் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல் மாடிகளில் மாட்டிக்கொண்டார்கள். செய்தி வந்த பிறகு ஓடிப்போய் வாங்கும் பத்திரம் அந்த நிகழ்வுக்குச் செல்லாது. டிக்கெட் எடுத்த அன்றே வாங்குவதற்குக் கூடுதல் கட்டணம் ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், ரத்துச் செலவுக்கான காப்பு அன்றைக்கே தொடங்கிவிடும்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் கூடியிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு இங்கே விசா தேவையில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளை ஏற, மகள் பிரசவத்துக்கு, பேரன் பிறந்தநாளுக்கு என்று சம்பந்திகள் வருகிறார்கள். அவர்களுக்கு 1 வெள்ளி, 5 வெள்ளி கிடையாது. வெளிநாட்டவருக்கான கட்டணம் தனி, அரசாங்க மருத்துவமனையிலும் முன்பணம் உண்டு. அவர்களுக்கான காப்புறுதியை அவர்கள் இந்தியாவிலிருந்து கிளம்பும் முன் அங்கேயே எடுக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு பிரிக்பீல்ட்ஸில் தேடினால் கிடைப்பது கடினம்.

தனியாள் கவுண்டரில் நின்று இத்தனையும் கேட்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பாதிதான் நடக்கும். மீதியைக் கூட்டாகச் செய்யலாம், செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு ஐம்பது, நூறு பேரைக் கூட்டிப் போகும் குருசாமிகள், காசி யாத்திரை நடத்தும் கோயில் நிர்வாகங்கள், பிரிக்பீல்ட்ஸ் டிராவல்ஸ்காரர்கள். நூறு தலைகளோடு போய் ஒரு நிறுவனத்திடம் குழுப் பத்திரம் கேட்டால், நோய் விலக்கைத் தளர்த்தச் சொல்லிப் பேரம் பேச முடியும். ஒருவருக்கு முப்பது நாற்பது வெள்ளி கூடலாம். யாத்திரைக் கட்டணத்தில் பேருந்துக்கும் அன்னதானத்துக்கும் பட்டியல் போடுகிற இடத்தில் இதுவும் ஒரு வரி. பத்திரத்தின் விலக்குப் பக்கத்தைத் தமிழில் ஒரு தாளாக எடுத்து, புறப்படும் முன் நடக்கும் கூட்டத்தில் வாசித்துவிட வேண்டும். வாட்சாப்பில் நிதி திரட்டுவதற்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பேங்க் நெகாராவிடமும் ஒரு கோரிக்கை வைக்கலாம்: இணையத்திலும் கவுண்டரிலும் ‘பணம் செலுத்து’ பொத்தானுக்கு மேலே, முன்பே இருந்த நோய்க்குக் காப்பு உண்டா இல்லையா என்ற ஒற்றை வரியைக் கட்டாயமாக்கட்டும்.

ஏற்கெனவே கோரிக்கை நிராகரிக்கப்பட்டுக் கையில் கடிதத்தோடு இருக்கிறவர்கள் அதோடு விட்டுவிட வேண்டாம். கேஸ் ஷீட்டின் முதல் வரி மட்டும் தீர்ப்பல்ல. அந்த நோய்தான் இந்தப் படுக்கைக்குக் காரணம் என்று காட்டுங்கள் என நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், சிகிச்சை பார்த்த மருத்துவரின் கடிதத்தையும் இணையுங்கள். அப்படியும் நிறுவனம் மறுத்தால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதித் தகராறுகளை விசாரிப்பார்கள். நிறுவனத்தின் இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். துக்க வீட்டில் ஆறு மாதம் சீக்கிரம் ஓடிவிடும், அதனால் கருமாதி முடிந்த கையோடு யாராவது ஒரு மருமகனிடமோ பேத்தியிடமோ அந்தக் கோப்பை ஒப்படைத்துவிடுங்கள்.